கரையில் இருந்து கற்ற கப்பல் இங்கிலீஷ்

எங்கள் செல்லூருக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. வைகையின் வடகரை எங்களுடையது என்றாலும், வருஷத்தில் பாதி நாள் அதில் தண்ணீரைவிட மணலும் கோரையும்தான் அதிகம். தறிச் சத்தத்துக்கும் கபடி விளையாட்டுக்கும் பேர் போன ஊர் இது. கப்பல் என்றால் எங்களுக்குப் பிள்ளைகள் விடுகிற காகிதக் கப்பல்தான். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் பெருகித் தெருவுக்குள் வந்தபோது அதை வாசல்படியில் உட்கார்ந்தபடியே விட முடிந்தது. அந்தக் கூத்தை இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பத்தாவது வரை தமிழில் படித்த நான், துறைமுகத்து இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எதிர்வீட்டுக்காரிக்கும் வந்தது. "என்ன மதினி, கேப்டனாப் போகப் போறீகளா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். என் மூத்த மகன் சரக்குக் கப்பலில் டெக் பக்கத்து வேலையில் இருக்கிறான். கப்பலைக் கரையில் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலையில் பெரிய பங்கு. அவன் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி எல்லாம் தந்தி மாதிரி இருக்கும். "ஆங்கரேஜ். நோ பெர்த்." "பைலட் ஆன் போர்டு." "ஆல் ஃபாஸ்ட்." அவ்வளவுதான்! பிள்ளை தூங்கினானா, இன்றைக்குப் பேச முடியுமா, அபாயமான வேலையில் நிற்கிறானா என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று வார்த்தைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அர்த்தம் தெரியாமல் ஒரு தாய் எப்படி உட்கார்ந்திருப்பது? பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிற, அனுப்ப யோசிக்கிற சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். சில வார்த்தைகள் ரொம்ப ருசியானவை.

முதலில் ஆங்கரேஜ். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்திருக்கிற இடம். ரேஷன் கடை வரிசை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் இறங்க முடியாது. ஒரு நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும். நங்கூரத்தின் கனம் ஒன்றே கப்பலைப் பிடித்து வைக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். கடலடியில் நீளமாகப் படுத்துக் கிடக்கிற சங்கிலிக்கும் அதில் பாதிப் பெருமை உண்டாம். அந்தச் சங்கிலியை 'ஷாக்கிள்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷாக்கிள் ஏறத்தாழ 27 மீட்டர், அதாவது நம்முடைய ஐந்து கெஜப் புடவை ஆறை முனையோடு முனை வைத்த நீளம். "ஃபைவ் ஷாக்கிள் போட்டிருக்கு" என்றால் முப்பது புடவை! காற்று பலமாக அடித்து, நங்கூரம் பிடிமானம் விட்டுத் தரையோடு இழுபட ஆரம்பித்தால் அதற்கு 'டிராகிங்' என்று பெயர். இந்த ஒரு வார்த்தையை மட்டும் என் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது 'பைலட் ஆன் போர்டு'. பைலட் என்றதும் நமக்கு ஆகாய விமானம்தான் ஞாபகம் வரும். ஆனால் விமானம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பேர் கப்பல்காரர்களுடையது. அந்தந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அத்துபடியாகத் தெரிந்தவர். சின்னப் படகில் வந்து, கயிற்றேணி பிடித்துக் கப்பலில் ஏறி, கேப்டனுக்கு வழி சொல்லி உள்ளே கூட்டி வருவார். அவர் ஏறிவிட்டார் என்றால் கப்பலுக்கு இடம் கிடைத்துவிட்டது, இன்னும் சில மணி நேரத்தில் கரை என்று அர்த்தம்.

இந்த அர்த்தம் தெரிந்திருந்தது எங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது தெரியுமா? 2024 ஆடி மாதம் மகனின் கப்பல் தூத்துக்குடிக்கே வந்தது. இத்தனை தேசம் சுற்றிவிட்டு, மதுரைக்கு மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில்! "ஆங்கரேஜ்" என்று செய்தி வந்தவுடனேயே அவன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் தடுத்தேன். "பைலட் ஏறலைங்க. இப்பப் போயி அங்க எங்க உக்காரப் போறீக?" என்றேன். மூன்று நாள் அப்படியே போயிற்று. ஆடிக் காற்று வேறு. நான்காம் நாள் விடியற்காலையில் "பைலட் ஆன் போர்டு" என்று வந்தது. இட்லிப் பொடி, மாவடு, சீடை மூன்றையும் முந்தின நாளே கட்டி வைத்திருந்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கோவில்பட்டி தாண்டும்போது "ஆல் ஃபாஸ்ட்" வந்தது. மத்தியானம் துறைமுக வாசலுக்கு வெளியே அவன் எங்களோடு நின்றது இரண்டு மணி நேரம். முதல் நாளே போயிருந்தால் மூன்று ராத்திரி லாட்ஜ் வாடகை கொடுத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்.

தூத்துக்குடியைப் பற்றிச் சொன்னதால் 'பிரேக்வாட்டர்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலையை உடைக்கிற கல் சுவர். அங்கே இயற்கையாக அமைந்த ஒதுக்கிடம் இல்லை. கடலுக்குள் இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பி, நடுவில் அமைதியான தண்ணீரை உண்டாக்கினார்கள். வடக்குச் சுவர் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், தெற்குச் சுவர் சற்றுக் குறைவு. 1974 ஜூலை 11-ம் தேதி அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனாரின் பெயரை 2011-ல் வைத்தார்கள். அவர் ஓட்டிய கப்பல்கள் காலியா, லாவோ என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இப்போதுதான் மனசில் உறைக்கிறது. அந்தக் கப்பல்களிலும் யாரோ ஒரு தாயின் பிள்ளை கயிறு வீசியிருப்பான் அல்லவா?

'பெர்த்' நமக்கெல்லாம் தெரிந்த வார்த்தை. லோயர் பெர்த்துக்காக நாம் ரயிலில் படுகிற பாடு கொஞ்சமா! ஆனால் ரயிலுக்கு அது கப்பலில் இருந்து போனது. கரையோரம் கப்பல் நிற்கிற இடமும் பெர்த், கப்பலுக்குள் ஆள் படுக்கிற இடமும் பெர்த். கப்பல் கரையை ஒட்டி நின்றுவிட்டால் 'அலாங்சைடு'. கப்பல் ஒட்டி நிற்கிற கல் திண்ணைக்கு நம் தமிழில் 'துறை' என்று ஒரே வார்த்தைதான். பேச்சியம்மன் படித்துறையும் துறை, தூத்துக்குடியும் துறை. இங்கிலீஷ்காரர்கள் அதையே வார்ஃப், ஜெட்டி, பியர் என்று விதவிதமாகச் சொல்கிறார்கள். கரையை ஒட்டி நீளமாகக் கட்டினால் வார்ஃப், கடலுக்குள் கையை நீட்டினாற்போலக் கட்டினால் ஜெட்டி அல்லது பியர் என்று சுமாராக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. க்யூ, யு, ஏ, ஒய் என்று நாலு எழுத்து. எழுத்துக் கூட்டினால் 'குவே' என்று வரும். வாசிப்பதோ 'கீ', சாவிக்குச் சொல்வது போலவே! டெக் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பவரை 'போட்ஸ்வெய்ன்' என்று எழுதி 'போசன்' என்று கூப்பிடுகிறார்கள். கப்பலின் முன் மேடையை 'ஃபோர்கேசில்' என்று எழுதி 'ஃபோக்ஸல்' என்கிறார்கள். நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங்கில் மார்க் குறைந்தால் இனிமேல் அதிகம் திட்டாதீர்கள்.

சரி, கட்டுகிற கதைக்கு வருவோம். இதற்கு 'மூரிங்' என்று பேர். அத்தனை பெரிய கப்பலுக்குத் தகுந்த கயிறு என் முழங்கை கனம் இருக்கும். அதைக் கரைக்கு வீச யாரால் முடியும்? அதனால் முதலில் ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். இதன் பேர் 'ஹீவிங் லைன்'. அதன் நுனியில் உருண்டையாக ஒரு முடிச்சு, பேர் 'மங்கீஸ் ஃபிஸ்ட்', அதாவது குரங்கு முஷ்டி! கரையில் நிற்பவர்கள் மெல்லிய கயிற்றைப் பிடித்து இழுக்க, பின்னாலேயே கனத்த கயிறு வரும். பாவாடைக்கு நாடா கோக்கும்போது ஊக்கை முன்னால் விடுகிறோமே, அதே வித்தைதான். குரங்கு முஷ்டிக்குள் கனத்துக்காக இரும்பைக் கிரும்பை வைக்கக் கூடாது. கரையில் நிற்பவன் மண்டை உடையும்.

கனத்த கயிற்றின் நுனியில் இருக்கும் வளையத்துக்கு 'ஐ', கண், என்று பெயர். ஊசித் துவாரத்தையும் அவர்கள் கண் என்கிறார்கள். நாம்தான் காது என்கிறோம். கண்ணோ காதோ, அதைக் கரையில் இருக்கும் குட்டையான இரும்புத் தூணில் மாட்டுவார்கள். தூணின் பேர் 'பொல்லார்டு'. இதற்குத் தமிழ் என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தறியில் இருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கட்டுத்தறி." எனக்கு மெய் சிலிர்த்துப்போயிற்று! யானையையும் மாட்டையும் கட்டுகிற முளைக்குத் தறி என்றுதானே பேர். நாங்கள் பிழைப்பதும் தறி, மகன் கயிறு மாட்டுவதும் தறி.

ஒரே தூணில் இரண்டு கப்பலின் கயிறு விழுந்தால், இரண்டாவது கயிற்றின் கண்ணை முதல் கயிற்றின் கண்ணுக்குள் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மாட்ட வேண்டும். அப்போதுதான் யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிற்றைத் தொடாமல் தன் கயிற்றை எடுக்கலாம். இதற்கு 'டிப்பிங் தி ஐ'. கூட்டுக் குடும்பத்தில் கொடியில் துணி போடுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கயிறுகளுக்குத் தனித்தனிப் பேர். கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மூலைக் கயிறும் நாலு திசைக்கு இழுத்தால்தான் வலை நிற்கும். கப்பலின் முன்மூக்கில் இருந்து முன்பக்கமாகப் போவது 'ஹெட் லைன்', கப்பல் பின்னால் நழுவாமல் பிடிப்பது. வாலில் இருந்து பின்பக்கமாகப் போவது 'ஸ்டெர்ன் லைன்', முன்னால் நழுவாமல் பிடிப்பது. கப்பலைக் கரையோடு அணைத்துப் பிடிப்பது 'பிரெஸ்ட் லைன்', மார்புக் கயிறு. இதைச் சொல்லும்போது மகனுக்கு ஒரே கூச்சம். பாலூட்டி வளர்த்தவளிடம் என்னடா கூச்சம் என்றேன். கடைசியாக 'ஸ்பிரிங்'. இது கட்டில் ஸ்பிரிங்கும் இல்லை, வசந்த காலமும் இல்லை. முன்மூக்கில் இருந்து பின்பக்கமாகவும், வாலில் இருந்து முன்பக்கமாகவும் குறுக்கே போகிற கயிறு. கப்பல் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க இது ரொம்ப முக்கியமாம். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே இடிபடாமல் ரப்பர் மெத்தை தொங்கும், அது 'ஃபெண்டர்'. குடத்துக்கும் தலைக்கும் நடுவில் சும்மாடு மாதிரி.

இப்போது கட்டளைகள். 'ஹீவ்' என்றால் இழு. 'ஸ்லாக்' என்றால் தளர்த்து. 'ஹோல்ட் ஆன்' என்றால் அப்படியே பிடி. 'லெட் கோ' என்றால் விட்டுவிடு. 'மேக் ஃபாஸ்ட்' என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் வேடிக்கை. 'ஃபாஸ்ட்' என்றால் வேகம். நாம் வெள்ளிக்கிழமை இருக்கிற விரதத்துக்கும் இங்கிலீஷில் 'ஃபாஸ்ட்'. ஆனால் கப்பலில் 'ஃபாஸ்ட்' என்றால் இறுக்கம்! 'மேக் ஃபாஸ்ட்' என்றால் கயிற்றை அசையாமல் இறுக்கிக் கட்டு என்று அர்த்தம். 'ஆல் ஃபாஸ்ட்' என்றால் எல்லாக் கயிறும் கட்டியாயிற்று. விமானத்தில் பெல்ட்டை 'ஃபாசன்' பண்ணச் சொல்வதும் இந்த வம்சம்தான்.

என் மகன் கப்பலில் ஒருவர் உக்ரைன், இருவர் பிலிப்பைன்ஸ், சமையல்காரர் கோவாக்காரர். எல்லோர் வாயிலும் இங்கிலீஷ் வேறு வேறு மாதிரி. அவசர நேரத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாவிட்டால் உயிர் போய்விடும். அதனால் லண்டனில் இருக்கிற சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பல் வேலைக்கென்றே குறிப்பிட்ட வாக்கியங்களை எழுதி 2001-ல் ஏற்றுக்கொண்டது. அதில் இலக்கண ஜோடனையெல்லாம் கிடையாது. செய்யலாமா, செய்ய முடியுமா, செய்தால் நல்லது என்று இரண்டு அர்த்தம் தரும் பேச்சைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எண்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது என்பதை 'ஒன், ஃபைவ், ஜீரோ' என்று. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காற்றில் ஒரே மாதிரிதானே கேட்கும்! கட்டளையைக் கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இந்த வழக்கத்தை நான் மருந்துக் கடையில் பிடித்துக்கொண்டேன். மாமியாரின் மாத்திரை அளவைக் கடைக்காரர் சொன்னதும் "அஞ்சு, பூஜ்யமா?" என்று ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லித்தான் வாங்குகிறேன். அவர் முறைக்கிறார். முறைத்தால் முறைக்கட்டும்.

இனி எழுதப் போவதை எழுத மனசே வரவில்லை. ஆனால் இதற்காகத்தான் நோட்டே போட்டேன். கப்பல் கட்டும் கயிறு பலதும் நைலான் போன்ற செயற்கை நாரில் செய்தது. இழுத்தால் நீளும். நீண்ட கயிறு திடீரென்று அறுந்தால், இழுத்த பலம் அத்தனையும் சாட்டையாகத் திரும்பி வரும். கண்ணால் பார்த்து ஒதுங்க நேரம் கிடையாது. இதற்கு 'ஸ்னாப் பேக்' என்று பேர். 2015 மார்ச் மாதம் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 'ஸார்கா' என்ற எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து திரும்பி, ஒரு அதிகாரிக்குத் தலையில் பலத்த அடி. முன்பெல்லாம் டெக் தரையில் வர்ணம் பூசி, இந்த இடத்தில் நிற்காதே என்று அடையாளம் போடுவார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்ற நினைப்பே ஆபத்து என்று இப்போது சொல்கிறார்கள். கயிறு இறுகி நிற்கும்போது அந்த மேடை முழுவதையுமே ஆபத்தான இடமாக எண்ண வேண்டுமாம்.

இன்னொரு வார்த்தை 'பைட்'. கடிப்பதற்குச் சொல்வது போலவே ஒலிக்கும். ஆனால் இது தரையில் கிடக்கிற கயிற்றின் வளைவு. கயிறு இழுபடும்போது அந்த வளைவுக்குள் கால் இருந்தால் தீர்ந்தது. கடிக்கிற பைட்டுக்கும் இதற்கும் ஸ்பெல்லிங் வேறு, பலன் ஒன்றுதான் என்றான் மகன், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இழை இறுக்கம் அவருக்குத் தெரியாததா? "பாவு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அதிலிருந்து மகன் பேசும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறேன். "கயிறு இறுகையில எங்கப்பா நின்ன?" இது முதல் கேள்வி. "கயிறைச் சோதிச்சாகளா?" இது இரண்டாவது. 2024 ஜனவரி 1 முதல், கட்டும் கயிறுகளையும் அதன் சாமான்களையும் முறையாகச் சோதித்துப் பராமரிக்க வேண்டும் என்பது சர்வதேச விதியாகவே வந்துவிட்டது. அதனால் அம்மா கேட்பதில் தப்பொன்றும் இல்லை. முதலில் "சும்மா இரும்மா" என்பான். இப்போது கேட்காமலே சொல்கிறான்: "மறைவுலதாம்மா நின்னேன். பழைய கயிறு ரெண்டை மாத்தியாச்சு." பையன்களுக்கு இருபத்திரண்டு வயசில் எதுவும் ஆகாது என்கிற தைரியம் இருக்கிறது. வீட்டில் ஒருத்தி கேட்பாள் என்பதற்காகவாவது ஓரடி தள்ளி நிற்பானே!

வார்த்தைகளை எழுதிக்கொண்டே போனதில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. எல்லாம் அவர்கள் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். 'கட்டமரான்' நம் கட்டுமரம். தென்னை நார்க் கயிற்றுக்கு இங்கிலீஷில் 'காயர்' என்கிறார்களே, அது மலையாளத்துக் கயர், நம் கயிற்றுக்கு உடன்பிறப்பு. நாமும் வாங்கியிருக்கிறோம், நங்கூரம் என்பது பாரசீகத்து 'லங்கர்' என்ற சொல்லில் இருந்து வந்ததாம். எங்கள் வைகை போய்ச் சேருகிற பக்கம் அழகன்குளத்தில் தோண்டியபோது, கப்பல் படம் கீறிய பழைய பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஸ்நானப் பிராப்தி இல்லை என்று ஆரம்பத்தில் நான் எழுதினாலும், எங்கள் ஆற்றுக்கு ஒரு காலத்தில் இருந்திருக்கிறது!

நோட்டில் கடைசியாக எழுதியது 'ஃபினிஷ்டு வித் என்ஜின்'. கயிறெல்லாம் கட்டி முடிந்து, இனி என்ஜின் தேவையில்லை என்று மேலேயிருந்து என்ஜின் அறைக்குச் சொல்லுகிற வார்த்தை. அதன் பிறகு 'கேங்வே' என்கிற ஏணிப்படியை இறக்குவார்கள். காவல் முறை இல்லாதவர்கள் குளித்துவிட்டுப் படுக்கலாம். அந்தச் செய்தி வந்தால் நான் உடனே போன் பண்ணுவதில்லை. ஆறு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிடுகிறேன், பிள்ளை தூங்கட்டும். சரக்கு ஏற்றி இறக்குகிற வார்த்தைகள் இன்னும் எக்கச்சக்கம் இருக்கின்றன. அதற்கு வேறு நோட்டு வாங்க வேண்டும்.